சிரிக்கச் சொல்லாமல் எடுத்த குடும்பப் படங்கள்

போன டிசம்பரில் சேலம் அம்மாபேட்டையிலிருந்து ஒரு குடும்பத்தை ஏற்காட்டுக்குக் கூட்டிப்போய்ப் படம் எடுத்தேன். தாத்தா, பாட்டி, இரண்டு மகன்கள், இரண்டு மருமகள்கள், மூன்று பேரப்பிள்ளைகள் என்று ஒன்பது பேர். எல்லோருக்கும் வெள்ளையும் இளநீலமுமாக ஒரே மாதிரி துணி எடுத்திருந்தார்கள். கிளம்பும்போதே பெரிய மருமகள் போனில் சேமித்து வைத்திருந்த பத்துப் பதினைந்து படங்களைக் காட்டி, "இந்த மாதிரி வேணும்ண்ணா, எல்லாரும் நேச்சுரலா சிரிக்கணும்" என்றார். சரி என்றேன்.

அடிவாரத்திலிருந்து மேலே போக 20 கொண்டை ஊசி வளைவுகள். பாதி தாண்டுவதற்குள் சின்னப் பேரன் வாந்தி எடுத்துவிட்டான். அஞ்சு வயசு. வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை எல்லாம் போயிற்று. அவனுடைய அம்மாவுக்குக் கண்ணே கலங்கிவிட்டது, எத்தனை கடை ஏறி இறங்கி எடுத்த துணி. பாட்டி மட்டும் பதறவில்லை. வண்டியை ஓரங்கட்டச் சொல்லி, வாயைக் கொப்பளிக்க வைத்து, இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து நகத்தால் கீறி அவன் மூக்குக்கு நேரே பிடித்தார். "மோந்துக்க கண்ணு, ஒண்ணுமில்ல." அவனுக்கு அண்ணனுடைய சிவப்பு டீஷர்ட்டை மாட்டிவிட்டார்கள். தொடை வரைக்கும் தொங்கியது.

மேலே போனதும் சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே, மிளகுக்கொடி ஏறிய காபித் தோட்டத்தில் (தெரிந்தவருடைய தோட்டம், முன்னாடியே கேட்டு வைத்திருந்தேன்) இரண்டு மணி நேரம் எடுத்தோம். பழம் சிவந்திருந்த நேரம், பனியும் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது, வெளிச்சத்துக்குக் குறையே இல்லை. படங்கள் நன்றாகவே வந்தன. ஆனால் பாட்டி ஒவ்வொரு தடவையும் கேமரா தன் பக்கம் திரும்பியதும் முந்தானையை எடுத்து வாயை மூடிக்கொண்டார். முன்பல் இரண்டு விழுந்துவிட்டது, அந்தக் கூச்சம். மகன்கள் "அம்மா, கையை எடும்மா" என்று அதட்ட அதட்ட அவர் முகம் இன்னும் இறுகியது.

அப்புறம் ஏரிக்கரையில் பஜ்ஜி சாப்பிட நின்றோம். சின்னவன் மிளகாய் பஜ்ஜிதான் வேணும் என்று அடம். பாட்டி ஒன்றை வாங்கி, உள்ளே இருந்த மிளகாயை உருவி எடுத்துவிட்டு, வெறும் மாவு ஓட்டைக் காகிதத்தில் வைத்து ஊதிக்கொண்டிருந்தார். அவன் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு பறவைக்குஞ்சு மாதிரி காத்திருந்தான். முந்தானை தோளிலிருந்து நழுவியதே அவருக்குத் தெரியவில்லை. ஊதிவிட்டு அவனைப் பார்த்துச் சிரித்தார், அந்தப் பல் இல்லாத இடம் தெரிய. நான் ஒரு பத்தடி தள்ளி நின்றிருந்தேன், நாலு பிரேம் எடுத்தேன், அவ்வளவுதான்.

அவர்கள் 12க்கு 18 அங்குல அளவில் பெரிதாக்கிக் கூடத்தில் மாட்ட எடுத்துக்கொண்டது அந்தப் படத்தைத்தான். ஒரே மாதிரி துணி இல்லை, பையன் சிவப்பு டீஷர்ட்டில் இருக்கிறான், பின்னால் எண்ணெய்ச் சட்டி. தேர்ந்தெடுத்தது பெரிய மருமகளேதான்.

இதை நான் விவரமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. குடும்பப் படத்தில் முகம் இயல்பாக வரணும் என்றால் எல்லோரும் முகத்தையே பிடித்துக்கொள்கிறார்கள். என் அனுபவத்தில் முகத்தை விட்டுவிட்டு, வீட்டில் ஒருவர் இன்னொருவருக்கு என்ன செய்துகொடுக்கிறார் என்று பார்த்தால் முகம் தானாக வந்துவிடுகிறது. ஊதிக் கொடுப்பது, சட்டைக் காலரைச் சரிசெய்வது, பின்னலில் பூ வைத்துவிடுவது, செருப்பு வாரை மாட்டிவிடுவது. நம் வீடுகளில் அன்பு பெரும்பாலும் இப்படித்தான் வெளியே தெரிகிறது. கட்டிப்பிடித்துப் பழக்கமில்லாத ஒரு தம்பதியிடம் போய் "தோள்ல கை போடுங்க, இன்னும் நெருங்கி வாங்க" என்றால் அந்தக் கை மரக்கட்டை மாதிரிதான் இருக்கும். அதே மனிதர் மனைவி முந்தானையில் ஒட்டிய முள்ளை எடுத்துவிடும்போது பாருங்கள்.

எனக்கு இந்தத் தொழிலைக் கற்றுக்கொடுத்தவர் சேலத்தில் சின்னதாக ஒரு ஸ்டுடியோ வைத்திருந்தார். 120 ஃபிலிம் ரோல் போட்டால் சதுரப் படம் 12தான் கிடைக்கும் காலம். வீணடிக்க முடியாது. அவர் கேமராவை ஸ்டாண்டில் பூட்டி, ஃபோகஸ் பார்த்து வைத்துவிட்டு, நீளமான கேபிள் ரிலீஸை (தள்ளி நின்றே ஷட்டரை அழுத்தும் கம்பி) கையில் வைத்துக்கொண்டு கேமராவுக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிடுவார். பின்னால் அல்ல, பக்கத்தில். வந்தவர்களிடம் மாம்பழம் என்ன விலை, எந்தத் தறியில் வேலை, பையன் எத்தனாவது படிக்கிறான் என்று பேசிக்கொண்டே இருப்பார். அவர்கள் அவர் முகத்தைப் பார்த்துப் பேசுவார்கள், அவர் கட்டைவிரல் கீழே அழுத்தும். எப்போது எடுத்தார் என்று பல பேருக்குத் தெரியாது. லென்ஸுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு "சிரிங்க" என்று சொல்கிறவனைப் பார்த்து யாருக்குச் சிரிப்பு வரும் என்பார். இன்றைக்கு நான் ஸ்டாண்டும் ரிமோட்டும் தூக்கிக்கொண்டு போவது அவரைப் பார்த்துத்தான். ஸ்டாண்ட் இல்லாத நேரத்தில் கேமராவை நெஞ்சுக்கு நேராகப் பிடித்து, திரையைக் கொஞ்சம் மேல்நோக்கி மடக்கிக்கொள்வேன். என் கண்ணை அவர்கள் பார்க்க முடிய வேண்டும். இது ஒன்றே பாதி வேலையைச் செய்துவிடுகிறது.

சொல்லிச் சிரித்த சிரிப்பு ஏன் ஒட்டாமல் நிற்கிறது என்பதற்கு உடம்பிலேயே காரணம் இருக்கிறது. துஷேன் என்ற பிரெஞ்சு மருத்துவர் முகத்துத் தசைகளை மின்சாரத்தால் தூண்டி, அதைப் புகைப்படமாகவும் எடுத்து 1862இல் வெளியிட்டார். உதட்டோரத்தை மேலே இழுக்கும் தசை நாம் சொன்னால் கேட்கும், கண்ணைச் சுற்றியிருக்கும் தசை மனசு சந்தோஷப்பட்டால்தான் அசையும் என்பது அவர் கண்டது. பின்னாளில் பால் எக்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் கண்ணும் சேர்ந்து சிரிக்கும் சிரிப்புக்குத் துஷேன் பெயரையே வைத்தார். முயற்சி செய்து கண்ணையும் சுருக்கக்கூடியவர்கள் இருக்கிறார்கள்தான், ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் மூன்று குழந்தைகளைக் கிளப்பிக்கொண்டு மலையேறி வந்த ஒரு தாயிடம் அதை எதிர்பார்க்கக்கூடாது.

இதில் எனக்கு உண்மையான ஆதங்கம் ஒன்று இருக்கிறது. கஷ்டப்பட்டு அந்தக் கண்ணோரச் சுருக்கத்தைப் பிடித்துவிட்டு, எடிட்டிங்கில் முகத்தை மழுமழுவென்று ஆக்கி அந்தச் சுருக்கத்தையே அழித்துவிடுகிறார்கள். வாய் சிரிக்கும், கண்ணைச் சுற்றி ஒன்றுமே இருக்காது. நானும் ஆரம்பத்தில் இரண்டு மூன்று வருடம் அதைச் செய்தேன். ஒரு அறுபதாம் கல்யாண ஆல்பத்தைக் கொடுத்தபோது, அந்த அம்மா புரட்டிப் பார்த்துவிட்டு "எல்லாம் நல்லா இருக்குது தம்பி, ஆனா இவரு இவரு மாதிரி இல்லையே" என்று மெதுவாகச் சொன்னார். அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து அந்த ஆல்பத்தில் கணவர் முகம் வந்த எல்லாப் பக்கத்தையும் திரும்பச் செய்துகொடுத்தேன். அதிலிருந்து பரு, புதுசாக அடிபட்ட காயம் மாதிரி ஒரு வாரத்தில் போகக்கூடியதை மட்டும் எடுக்கிறேன். கூடவே இருப்பதைத் தொடுவதில்லை.

சரி, சிரிங்க என்று சொல்லக்கூடாது, வேறு என்ன சொல்வது? நான் கேள்வி கேட்பேன். என்னிடம் பதில் சொல்கிற மாதிரி அல்லாமல் அவர்களுக்குள் வாக்குவாதம் வருகிற மாதிரி கேள்வி. வயதான தம்பதி என்றால், "பொண்ணு பாக்க வந்தன்னிக்கு என்ன பலகாரம் வெச்சீங்க?" அவர் கேசரி என்பார், அந்த அம்மா "எங்கீங்க கேசரி, மைசூர்பாகுல்ல" என்று அவர் பக்கம் திரும்புவார். அந்தத் திரும்பல்தான் வேண்டும். நாற்பது வருடம் சேர்ந்து வாழ்ந்த மொத்தமும் அந்த ஒரு பார்வையில் இருக்கும். அண்ணன் தம்பி என்றால், "சின்ன வயசுல யாரு அதிகமா அடி வாங்குனது?" அதற்குப் பிறகு ஐந்து நிமிடத்துக்கு நான் பேசவே தேவையில்லை. மருமகள்களிடம் மாமியார் முன்னால் இந்த மாதிரி கேள்வி கேட்கும்போது மட்டும் யோசித்துக் கேட்பேன், சமையலைப் பற்றிக் கேட்கவே மாட்டேன். பழைய வருத்தம் எங்கே ஒளிந்திருக்கும் என்று நமக்குத் தெரியாது.

உண்மையான முகபாவம் எல்லாவற்றையும் எடுத்துவிடலாம் என்பதும் இல்லை. ஒரு தடவை ஏற்காட்டுப் பகோடா பாயிண்டில் ஒரு மாமியார் ஏதோ சொல்ல, மருமகளின் முகம் ஒரு நொடி விழுந்தது. படமாகப் பார்த்தால் அருமையான படம், அந்த நாளிலேயே உண்மையான முகம் அதுதான். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அழித்துவிட்டேன். குடும்பப் படத்துக்கு என்னை அழைத்தவர்கள் என்னை நம்பி வீட்டுக்குள் விட்டிருக்கிறார்கள். குழந்தை அழுதாலும் கேமராவை இறக்கிவிடுவேன். அழுது முடித்து, மூக்கை அம்மா தோளில் துடைத்துக்கொண்டு, இன்னும் விசும்பல் அடங்காமல் உலகத்தைப் பார்க்கும் பாருங்கள், அதை எடுப்பேன்.

குழந்தைகளைப் பற்றி நிறையப் பேர் நிறையச் சொல்லியிருக்கிறார்கள், நான் இரண்டு விஷயம் சொல்கிறேன். தூக்க நேரத்திலும் பசி நேரத்திலும் எந்தக் குழந்தையும் படத்துக்கு வராது, அதனால் எத்தனை மணிக்கு வரட்டும் என்று முடிவு செய்ய வேண்டியது வெளிச்சத்தைப் பார்த்து மட்டும் அல்ல, குழந்தையின் அம்மாவிடம் கேட்டு. இன்னொன்று, முதல் இருபது நிமிடம் கேமராவைப் பையிலிருந்து எடுக்காதீர்கள். அதுகளோடு போய்க் காபிப் பழத்தைப் பிதுக்கி உள்ளே இரண்டு கொட்டை இருக்கிறதா என்று பாருங்கள், கல் பொறுக்குங்கள். போனில் படம் காட்டிச் சிரிக்க வைப்பதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். திரையைப் பார்த்துச் சிரிக்கும் குழந்தையின் கண் வேறெங்கோ இருக்கும்.

அப்பாக்கள்தான் கஷ்டம். எல்லாக் குடும்பத்திலும் அப்பா பையைத் தூக்கிக்கொண்டு ஓரமாக நிற்பார். "நீங்க அவங்களை எடுங்க, நான் இருக்கேன்" என்பார். நான் முதலில் அந்தப் பையை வாங்கி என் தோளில் மாட்டிக்கொள்வேன். கை சும்மா இருந்தால் அந்தக் கை தானாக ஒரு பிள்ளையைத் தேடும். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு வேலை செய்கிறவர் ஒருவர் வீட்டில் எடுக்கப்போனபோது அவர் ரொம்ப நேரம் கேமராவைப் பார்த்து விறைப்பாகவே நின்றார். மகள் ஏழாம் வகுப்பு. வயசுக்கு வந்த சடங்குக்கு எடுத்த பட்டுப்பாவாடையில் இருந்தாள், வீட்டுக்குள் படம் போதும் என்று கேட்டிருந்தார்கள். நடக்கும்போது அவள் ஒரு கால் கொலுசு கழன்று தொங்கியது. அவர் எதுவும் பேசாமல் கீழே ஒரு முழங்காலை ஊன்றி உட்கார்ந்து, அவள் பாதத்தைத் தூக்கித் தன் தொடைமேல் வைத்துக்கொண்டு, திருகைக் கழற்றிக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்து, மறுபடி மாட்டி நகக்கண்ணால் இறுக்கினார். விரல் நுனியெல்லாம் வேலையில் கறுத்துக் காய்த்துப்போன கை. அவள் விழாமல் இருக்க அப்பாவின் தலைமேல் ஒரு கையை வைத்திருந்தாள். அவர் சிரிக்கவே இல்லை. வேலை செய்கிற முகம்தான், உதட்டைக் கடித்துக்கொண்டு. அதைவிட நல்ல அப்பா மகள் படம் நான் எடுத்ததில்லை. முடித்து எழுந்தவர், "சரிங்க, எங்க நிக்கட்டும்?" என்றார்.

பழைய தலைமுறைத் தாத்தாக்கள் பலருக்குப் படம் என்றால் மரியாதையான விஷயம். நெஞ்சை நிமிர்த்தி, வாயை மூடி, நேராகப் பார்ப்பார்கள். அதைக் கலைக்கப் பாடுபடாதீர்கள். அதுவும் அவருடைய உண்மையான முகம்தான், படத்துக்கு நிற்பது என்றால் அவருக்கு அதுதான் பொருள். அப்படியே இரண்டு எடுத்துவிட்டு, பேத்தியை அவர் பக்கத்தில் விட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

கருவி விஷயம் சுருக்கமாக. வெளியே 85 மி.மீ. லென்ஸ், அவர்களை நெருக்காமல் தள்ளி நிற்கலாம். சேலத்து வீடுகளில் அந்த அளவு இடம் இருக்காது, அங்கே 35 மி.மீ. லென்ஸ் துளை (அப்பர்ச்சர்) தனியாள் என்றால் எஃப் 2.8, இரண்டு வரிசையாக உட்கார்ந்தால் 5.6க்குக் குறைக்காதீர்கள், இல்லாவிட்டால் அம்மா முகம் தெளிவாகவும் பின்னால் நிற்கும் மகன் முகம் மங்கலாகவும் வரும். பிள்ளைகள் ஓடினால் ஷட்டர் வேகம் 1/500 நொடி அல்லது அதைவிட வேகம். ஏற்காட்டுப் பனியில் வெளிச்சம் அவ்வளவு மென்மையாக இருக்கும், கண்ணைச் சுருக்கவே வேண்டாம், ஆனால் கேமரா அந்த வெண்மையைப் பார்த்து ஏமாந்து படத்தை இருட்டாக்கும், எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) மூன்றில் இரண்டு அல்லது ஒரு ஸ்டாப் கூட்டிவையுங்கள். ஃபோகஸும் பனியில் தடுமாறும், சேலைக் கரை மாதிரி கோடு தெரிகிற இடத்தில் வைத்தால் பிடித்துக்கொள்ளும். சத்தமில்லாத ஷட்டர் பெரிய வரம், குழந்தை தூங்கும்போதுகூட எடுக்கலாம், ஆனால் வீட்டுக்குள் எல்இடி விளக்கு இருந்தால் படத்தில் பட்டை பட்டையாக விழும், ஒன்று எடுத்துப் பார்த்துவிட்டுத் தொடருங்கள். கீழே சேலத்தில் ஏப்ரல், மே மாதத்தில் காலை எட்டு மணிக்கு மேல் வெட்டவெளியில் நிற்க வைத்து முகபாவம் சரியில்லை என்று வருத்தப்படுவதில் பயனில்லை, வெயில் கண்ணில் குத்தினால் யாராக இருந்தாலும் முகம் சுளிக்கத்தான் செய்யும். கன்னங்குறிச்சி மூக்கனேரிப் பக்கம் சாயங்காலம் போங்கள், அல்லது அவர்கள் வீட்டு வாசல்படியே போதும். மேலே போவதாக இருந்தால் கோடை விழா நடக்கும் நாட்களில் ஏரி, அண்ணா பூங்கா பக்கம் வேண்டவே வேண்டாம், பத்து பேர் வேடிக்கை பார்க்கும்போது எந்தப் பாட்டியும் முந்தானையை எடுக்கமாட்டார்.

எல்லோரும் சேர்ந்து நிற்கும் பெரிய படம் ஒன்று கட்டாயம் வேண்டும், அதில் எல்லோர் கண்ணும் திறந்திருக்க வேண்டும். இதற்கு ஆஸ்திரேலியாவில் நிக் ஸ்வென்சன், பியர்ஸ் பார்ன்ஸ் என்ற இருவர் கண் சிமிட்டும் வேகத்தையெல்லாம் வைத்துக் கணக்கே போட்டார்கள், 2006இல் இக் நோபல் பரிசும் (முதலில் சிரிக்கவைத்துப் பிறகு யோசிக்கவைக்கும் ஆராய்ச்சிகளுக்குக் கொடுப்பது) வாங்கினார்கள். இருபது பேருக்குள் என்றால், நல்ல வெளிச்சத்தில் தலையை எண்ணி மூன்றால் வகுங்கள், மங்கிய வெளிச்சத்தில் இரண்டால். பன்னிரண்டு பேருக்கு நாலு படம் அல்லது ஆறு படம். நான் அதற்குமேல் ஒரு வேலை செய்வேன். "அவ்வளவுதான், முடிஞ்சுது" என்று சொல்லிவிட்டு ரிமோட்டைக் கையிலேயே வைத்திருப்பேன். அந்த ஒரு மூச்சு விடுவார்கள் பாருங்கள், தோள் எல்லாம் இறங்கும், யாராவது யாரையாவது பார்த்து ஏதாவது சொல்வார்கள், குழந்தை நழுவி ஓடும், அத்தை அதைப் பிடிக்கக் குனிவார். அதையும் எடுத்து இரண்டையும் சேர்த்துக் கொடுக்கிறேன். இதுவரை யாரும் இரண்டாவது வேண்டாம் என்றதில்லை.

இப்போது ஷூட்டுக்கு யாராவது கேட்டால் என்ன துணி, என்ன போஸ் என்பதற்கு முன்னால் நான் கேட்பது வேறு. யார் யார் வருகிறீர்கள், பிள்ளைகள் பாட்டியை எப்படிக் கூப்பிடும், அம்மாயி என்றா அப்பத்தா என்றா, யாருக்கு முழங்கால் வலி, யார் யாரிடம் அதிகம் ஒட்டுவார்கள். ஒரு நோட்டில் எழுதிவைத்துக்கொள்கிறேன். "அம்மாயி பக்கத்துல போய் நில்லு கண்ணு" என்று அவர்கள் வாய்ச் சொல்லிலேயே சொன்னால் அந்தக் குழந்தை என்னை ஒரு நொடி உறவுக்காரன் மாதிரி பார்க்கிறது.

வருகிற ஞாயிறு ஒரு குடும்பம் வருகிறது, தாரமங்கலத்திலிருந்து, பதினோரு பேர். நாலு வயசு இரட்டைப் பிள்ளைகள். துணி அவரவர் இஷ்டம், மாற்றுச் சட்டை மட்டும் ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். காலை ஆறு மணிக்கு அடிவாரத்தில் சந்திக்கிறோம். நாலு எலுமிச்சம்பழம் வாங்கிக் கேமராப் பையின் முன் ஜிப்பில் போட்டிருக்கிறேன்.